முறுக்கு டின்னுக்குக் கிடைத்த இடம்

மோகனூர் – நாமக்கல் தடத்தில் இடம் பிடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று ஒரு காலத்தில் பேர் எடுத்திருந்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தத் திறமை என் குடும்பத்துக்கு என்ன செய்தது என்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். படித்து முடித்த பிறகு யாரும் என்னைப் பாராட்டப் போவதில்லை.

நாமக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆங்கில ஆசிரியை நான். வீடு மோகனூரில். காலைப் பேருந்தில் ஏறுவதைப் பயணம் என்று சொல்ல மாட்டேன், படையெடுப்பு. சர்க்கரை ஆலை ஆட்கள், கல்லூரிப் பையன்கள், கோழியைத் தலைகீழாகப் பிடித்திருக்கும் கிழவர்கள், இவர்களுக்கு நடுவே திருத்திய நோட்டுக் கட்டோடு நான். சன்னல் வழியாகத் துண்டு போடுகிறவர்களை நான் மதித்ததே இல்லை. துண்டை எவன் வேண்டுமானாலும் சுருட்டி எறிந்துவிடலாம். எங்கள் தடத்தில் செல்லுபடியான சட்டம் வேறு. மேலே கம்பித் தட்டில் யார் பை இருக்கிறதோ, அதற்கு நேர்கீழே இருக்கை அவருக்கு. பை கனமாக இருந்தால் உரிமையும் கனம். தூக்கி அகற்ற யோசிப்பார்கள் அல்லவா? (என் பைக்குள் செங்கல் வைத்திருப்பேன் என்று நாத்தனார் ஊரெல்லாம் சொன்னது பொய். அது குழவிக்கல். அதுவும் ஒரே ஒரு தடவை, ஆட்டுக்கல் கொத்துகிறவரிடம் கொடுக்க எடுத்துப் போனது.)

என் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். கரும்பு விவசாயி. வாய்க்கால் தண்ணீர் தன் வயலுக்கு வந்து சேரும் வரை வரப்பில் உட்கார்ந்திருக்கும் பொறுமை அவருக்குப் பேருந்திலும் உண்டு. எல்லாரும் ஏறிய பின் ஏறுவார், படிக்குப் பக்கத்தில் நின்றபடியே வருவார். "எல்லாரும் ஒண்ணாத்தான போய்ச் சேரப் போறம், அதுக்கு ஏம்புள்ள இந்த ஓட்டம்?" என்பார். அந்த வாக்கியம் எனக்குப் பிடிக்காது. இப்போதும் பிடிப்பதில்லை. காரணம்தான் மாறிவிட்டது.

எங்களுக்கு ஒரே மகன், செந்தில். சேலத்துக் கல்லூரியில் இயற்பியல் படித்து நல்ல மதிப்பெண்ணோடு வெளியே வந்தான். தில்லியில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் பயிற்சிப் பணிக்குத் தேர்வு எழுதியிருந்தான். எழுதிய கூட்டத்தில் தெற்கிலிருந்து தேறியவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். அந்த விரல்களில் ஒன்று என் பிள்ளை. நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. வந்ததென்னவோ வந்தது, தபாலில் எங்கெங்கோ சுற்றி, ரயிலில் போனால் நேர்முகம் முடிந்த பிறகுதான் தில்லியில் இறங்க முடியும் என்கிற நாளில் வந்து நின்றது. அசல் சான்றிதழ்களோடு நேரில் வர வேண்டும், இல்லையென்றால் பரிசீலனை இல்லை என்று அதில் அடிக்கோடிட்டிருந்தார்கள்.

"ஏரோப்ளேன்ல போயிரலாம்" என்றார் என் வீட்டுக்காரர். மாட்டு வண்டியில் போய்விடலாம் என்பது போலச் சாதாரணமாக. கரும்புப் பணம் கைக்கு வந்திருந்த சமயம். மூன்று பேருமே போவது என்று முடிவாயிற்று. பையனைத் தனியாக அனுப்பலாம் என்று யாரும் சொல்லவில்லை. அதாவது செந்தில் சொன்னான். அது கணக்கில் வராது.

இனிப் பெட்டி. எங்கள் வீட்டில் பழுப்பு நிறத்தில் ஒரு சூட்கேஸ் உண்டு. சான்றிதழ்களை ஒரு துண்டில் சுற்றி, அதற்கு மேல் பாலித்தீன் சுற்றி, செந்திலின் புதுச்சட்டைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

"அதையக் கையில வெச்சுக்கலாமே, புள்ள" என்றார் அவர்.

"கையில வெச்சா எவனாச்சும் அடிச்சுட்டுப் போயிருவானுங்க. பொட்டியில பூட்டி விமானக்காரங்ககிட்டக் குடுத்துட்டா அவுங்க பொறுப்பு. ரசீது குடுப்பாங்க."

ரசீது என்ற சொல்லில் எனக்கு இருந்த பக்தி அப்படி. அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு வருகிற நோய் அது. கூடவே ஒரு முன்யோசனை: ஒரே மாதிரிப் பெட்டிகள் நிறைய இருக்குமே, நம்முடையது கலந்து போகக் கூடாதே என்று, பழைய சேலை ஒன்றின் பச்சைக் கரையைக் கிழித்துக் கைப்பிடியில் மூன்று முடிச்சாகக் கட்டினேன். எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும்.

தெரிந்தது.

கையில் கொண்டுபோக வேறு சாமான்கள் இருந்தன. தில்லியில் கரோல்பாக்கில் என் வீட்டுக்காரரின் பங்காளி மகன் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. வெறுங்கையோடு போக முடியுமா? ஒரு பெரிய டின் நிறைய முறுக்கு சுட்டேன். தூக்குப்போசியில் வீட்டு நெய். இன்னொரு பையில் வெல்லமும் நிலக்கடலையும். ஆக, உடைந்தால் மறுபடி சுட்டுக்கொள்ளக்கூடிய முறுக்கு என் மடியில். உலகத்தில் இன்னொரு பிரதி இல்லாத காகிதங்கள் யாரோ ஒருவர் பொறுப்பில். எம்.ஏ. படித்த மூளை இப்படித்தான் வேலை செய்தது.

சென்னை விமான நிலையத்தில் ஒரு இளைஞர் பெட்டியை வாங்கி, எடை போட்டு, சீட்டு மாட்டி, எனக்கு ஒரு துண்டு ரசீது கொடுத்தார். கூடவே ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ சொன்னார். என் கண் அவர் தோளுக்கு அப்பால், எந்தக் கதவு வழியாக ஆட்களை விடுகிறார்கள் என்பதில் இருந்தது. தலையாட்டினேன். கவனிக்காமல் தலையாட்டுகிற பிள்ளைகளை இருபது வருடமாக வகுப்பில் எழுப்பி நிறுத்தியிருக்கிறேன். அந்தக் கலையின் நுணுக்கம் எனக்குத் தெரியும். இளைஞர் ஏமாந்துவிட்டார்.

சோதனையில் காவலர் முறுக்கு டின்னைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். குச்சியால் கிளறிப் பார்த்தார். "எடுத்துக்கங்க" என்றேன். எடுத்துக்கொண்டார்.

காத்திருக்கும் கூடத்தில் சாம்பல் நிற சஃபாரி உடையில் ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுத் திரும்பினார்.

"ஏனுங்க, நாமக்கல் பக்கங்களா?"

"மோகனூருங்க" என்றார் என் வீட்டுக்காரர். "நீங்க?"

"சேலம். ஃபேர்லேண்ட்ஸ்ல இருக்கறனுங்க. நூல் யாவாரம். மாசம் ஒருக்கா தில்லி போயி வந்தாகணும்."

அவர்கள் கரும்பு விலை, நூல் விலை என்று ஆரம்பித்தார்கள். நான் இடையில் புகுந்து எனக்கு வேண்டியதைக் கேட்டேன். "இதுல சீட்டு நம்பரு எங்கங்க போட்டிருக்குது?"

"இந்த விமானத்துக்கு நம்பரெல்லாம் கெடையாதுங்கம்மா. போயி, கெடச்ச எடத்துல உக்காந்துக்க வேண்டியதுதான்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். என் உடம்பு கேட்டது வேறு. நாமக்கல் பேருந்து நிலையத்தில் வண்டி திரும்பும்போது என் குதிகாலில் ஒரு துடிப்பு எழும். அது சென்னையில், பளிங்குத் தரையில், எழுந்தது.

"சாமி, டின்னை நீ புடி" என்றேன் செந்திலிடம். "வேண்டாம், நானே புடிச்சுக்கறேன். நீங்க ரெண்டு பேரும் பின்னாலயே வாங்க."

"அம்மா, எல்லாருக்கும் எடம் இருக்கும்ங்ம்மா. நிக்க வெச்செல்லாம் கூட்டிட்டுப் போக மாட்டாங்க."

"மூணும் ஒண்ணா கெடைக்கணுமில்ல?"

கதவு திறந்தது. வெளியே வெயில் கொதிக்கும் சிமெண்டுத் தரை. தூரத்தில் விமானம், அதற்கு ஏணிப்படி. நடந்தே போக வேண்டும். கோட்டு சூட்டுப் போட்டவர்கள் முதலில் கௌரவமாகத்தான் நடந்தார்கள். ஒருவர் எட்டு வைத்ததும் அடுத்தவர் எட்டி வைத்தார். கொஞ்ச நேரத்தில் அத்தனை கனவான்களும் ஓடாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த வெட்கமெல்லாம் இல்லை. சேலையை முழங்கால் அருகே ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறு கையில் டின்னும், தோளில் நெய்யும் வெல்லமும் ஆட, நான் ஓடினேன்.

விமானத்துக்குச் சற்று முன்னால் தரையில் பெட்டிகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். முன்னால் போனவர்கள் எல்லாம் அங்கே நின்று குனிந்து, ஏதோ ஒரு பெட்டியைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆள் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. ரசீது கொடுத்த பின்னும் நம்பிக்கை இல்லாத சனம்! போட்டி போடுகிற கூட்டம் மொத்தமும் தானாக ஒதுங்கி எனக்கு வழி விட்டிருக்கிறது. இப்படியொரு வாய்ப்பு நாமக்கல்லில் வாழ்நாளில் வருமா?

"ஏனுங்கம்மா! நில்லுங்க! பொட்டி! பொட்டி!" என்று பின்னாலிருந்து சஃபாரிக்காரர் கத்தினார்.

எங்கள் தடத்தில் இது அரதப் பழசு. ஓடுகிறவளை நிறுத்த, "டீச்சர், உங்க செருப்பு அறுந்துருச்சுங்க" என்பார்கள். குனிந்து பார்த்தால் போச்சு. பொட்டியாவது, செருப்பாவது! நான் திரும்பாமலே படியேறினேன். என் வீட்டுக்காரரும் செந்திலும் என்னைத் தனியாக விடக் கூடாதே என்று என் பின்னாலேயே ஓடி வந்தார்கள். அவர்கள் செய்த ஒரே தப்பு அது. இருபது வருடப் பழக்கம்.

விமானத்துக்குள் நான்தான் முதல் ஆள். அந்த நிமிடம் நான் அடைந்த மகிழ்ச்சியை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

இருக்கைகளுக்கு மேலே, இரண்டு பக்கமும், மூடியில்லாத நீளத் தட்டு. பார்த்ததும் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. தொப்பி, மேலங்கி போன்ற இலேசான பொருட்களை மட்டும் வைக்கவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. படித்தேன். தொப்பி போட்டவர்கள் யாரும் வரவில்லை என்பதால் அது செல்லாது என்று முடிவு செய்தேன். இடது தட்டில் முறுக்கு டின். வலது தட்டில் நெய்ப்போசி. அதற்கு முன்வரிசையில் வெல்லப் பை. மூன்று இடத்தில் உரிமையை ஊன்றிவிட்டு, அவர்கள் இருவரும் வந்ததும் இடது பக்க மூன்று இருக்கைகளில் உட்கார்ந்தோம். சன்னலோரம் செந்தில், நடுவில் நான், நடைபாதை ஓரம் அவர்.

சீருடைப் பெண் ஒருத்தி வந்தாள். டின்னைக் காட்டி, அதைக் காலடியில் வைக்கச் சொன்னாள்.

"காலடியிலயா? திங்கற பண்டத்தையா?" என்றேன், ஆங்கிலத்திலேயே. இலக்கணம் சுத்தமாக இருந்தது. அவள் நெய்ப்போசியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பின்னால் அடைத்துக்கொண்டு நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். போய்விட்டாள். என் கணக்கில் அது இரண்டாவது வெற்றி.

சஃபாரிக்காரர் மூச்சு வாங்க வந்து, நடைபாதைக்கு அந்தப் பக்கம் காலியாக இருந்த இருக்கையில் உட்காரப் போனார். அது என் நெய்ப்போசிக்கு நேர்கீழே இருந்த இடம். "அங்க எங்க சாமான் இருக்குதுங்க" என்றேன்.

"அதனால என்னங்கம்மா? நான் கீழதான உக்காரப் போறன்?"

மேலே பை இருந்தால் கீழே இடம் நமக்கு என்கிற சட்டம் ஃபேர்லேண்ட்ஸில் அமலில் இல்லை போலும். அவர் தில்லிக்கென்று கையில் கொண்டுவந்த கோட்டை மடித்து மேலே வைக்கப் பார்த்தார். இடம் போதவில்லை. நெய்ப்போசியை நகர்த்த அவர் கை நீண்டது.

"அதையத் தொடாதீங்க!"

"செரிங்க செரிங்க" என்று கோட்டைப் போசிக்கு ஓரமாகச் செருகிவிட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, மனசு கேட்காமல், திரும்பினார். "ஏனுங்கம்மா, உங்க பொட்டியக் காட்டீட்டீங்களா?"

"எங்க பொட்டி எங்களுக்குத் தெரியுமுங்க" என்றேன்.

அவர் இருக்கை வாரை எடுத்து மாட்டிக்கொண்டார். ஒரு மனிதன் எவ்வளவுதான் கெஞ்சுவான்?

கதவு இன்னும் மூடவில்லை. உட்கார இடம் தேடி நாலைந்து பேர் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் தடித்த ஒருவர் என் வீட்டுக்காரரின் இருக்கையை, மாடு கரும்புச் சோகையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. இந்தியில் முதலில், பிறகு ஆங்கிலத்தில்.

"என்ன சொல்றாங்க?" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் மொழிபெயர்த்தேன். எனக்கு மொழிபெயர்ப்பில் நல்ல பழக்கம் உண்டு. "யாரோ பொட்டிய அடையாளம் காட்டாம ஏறிட்டாங்களாம். எறங்கி வந்து காட்டோணுமாம். காட்டலீன்னா ஏத்த மாட்டாங்களாம். எந்த முட்டாளோ."

"நாம காட்டினமா?"

"நமக்குத்தான் ரசீது இருக்குதே!"

அவர் சற்று யோசித்தார். "பழுப்புப் பொட்டின்னு ஏதாச்சும் சொன்னாங்களா?"

"ஊர்ல பாதிப் பேருகிட்டப் பழுப்புப் பொட்டிதானுங்க."

"நான் எதுக்கும் ஒருக்கா எறங்கிப் பாத்துட்டு..." என்று கைப்பிடியை ஊன்றி எழப் போனார். தடித்த மனிதர் ஒரு அடி முன்னால் வைத்தார். நான் என் வீட்டுக்காரரின் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

"அம்மா, நான் போயிப் பாத்துட்டு வாரேன்" என்றான் செந்தில்.

"உக்காரு சாமி. எந்திரிச்சா எடம் போயிரும்."

அவன் உட்கார்ந்தான். சொன்னதைக் கேட்கிற பிள்ளை. அப்படி வளர்த்திருந்தேன்.

அறிவிப்பு இன்னொரு முறை வந்தது. யாரும் எழவில்லை. நான் அந்த முகம் தெரியாத முட்டாளை நினைத்து உச்சுக்கொட்டினேன். படியை எடுத்தார்கள், கதவைச் சாத்தினார்கள். தடித்த மனிதருக்குக் கடைசியில் ஏதோ ஓர் இடம் கிடைத்துவிட்டிருந்தது. எல்லாருக்கும் கிடைத்திருந்தது. சில இருக்கைகள் காலியாகக்கூட இருந்தன.

விமானம் மெதுவாகத் திரும்பியது. செந்தில் சன்னலில் முகத்தை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவன், திரும்பாமலே சொன்னான்.

"அம்மா. அங்க ஒரு பொட்டி தனியா நிக்குதுங்ம்மா."

அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். வெறும் சிமெண்டுத் தரை. நடுவில் ஒரு பெட்டி. குண்டு இருக்குமோ என்று கிட்டே போகப் பயந்து, தள்ளி நிற்கும் ஒரு போலீஸ்காரர். விமானம் கிளப்பிய காற்றில் அந்தப் பெட்டியின் கைப்பிடியில் ஏதோ பச்சையாகப் படபடத்தது. எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும்படிதான் கட்டியிருந்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் செந்தில் நடித்துக் காட்டுவான். நன்றாகவே நடிப்பான். நான் வாரை அவிழ்த்து எழுந்தேன். தலை தட்டில் இடித்தது. வலது உள்ளங்கையால் தட்டின் அடிப்பக்கத்தில் பட்பட்டென்று அடித்துக்கொண்டே, "ஹோல்டான்! ஹோல்டான்! எறங்கோணும்! வண்டிய நிறுத்துங்க!" என்று கத்தினேன். எம்.ஏ. ஆங்கில இலக்கியம். அந்த நேரத்துக்குப் பேருந்து நடத்துநரின் அந்த ஒரு சொல்தான் வாயில் வந்தது.

சீருடைப் பெண்கள் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். நான் ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையின் சான்றிதழ், நாளைக்கு நேர்முகம், பச்சைக் கரை என்று மூன்று மொழியில் அழுதேன். விமானம் ஓடுபாதைக்கு வந்துவிட்டது, இனி நிறுத்த முடியாது, அந்தப் பெட்டி அடுத்த விமானத்தில் வரலாம் என்றாள் அவள். தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்து வாரை மாட்டினாள். கோபமாக இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் தன் சட்டையின் பின்பக்கத்தை, நான் பிடித்து இழுத்து வெளியே வந்திருந்த இடத்தை, மெதுவாக வேட்டிக்குள் திணித்துக்கொண்டார்.

விமானம் மூக்கைத் தூக்கியது. வலது தட்டில் என் நெய்ப்போசியும் சாய்ந்தது. மூடி இறுக்கம்தான், ஆனால் நெய் வழி கண்டுபிடிக்கும். முதலில் கோட்டு. பிறகு கோட்டின் விளிம்பிலிருந்து, சொட்டுச் சொட்டாக, ஃபேர்லேண்ட்ஸ்காரரின் தலையில். அவர் கையால் தொட்டு, விரலை மூக்கருகே கொண்டுபோனார். நான் திட்டுக்குக் காத்திருந்தேன். திட்டினால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஊட்டு நெய்ங்களா?" என்றார்.

"ஆமாங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"வாசம் நல்லா இருக்குது."

தில்லியில் இறங்கும்போது அவர் தெரிந்த அதிகாரி ஒருவரைப் பிடித்து எங்களுக்காகப் பேசினார். அவர் தலை பளபளத்தது. பெட்டி மறுநாள் மாலை விமானத்தில் வரும் என்றார்கள். நேர்முகம் மறுநாள் காலை.

அந்தக் காலையை நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாசலில் ஒரு மேசை. சான்றிதழ் சரிபார்க்கிற ஒருவர். செந்தில் பங்காளி மகனின் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றான். தோள் பெரிதாக, கை நீளமாக, கடன் வாங்கியது என்று எழுதி ஒட்டியது போல. சாயங்காலம் கொண்டுவந்து தருகிறோம் என்று நான் ஆங்கிலத்தில் கெஞ்சினேன். அவர் கல்நெஞ்சர் இல்லை. உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். முடியாது என்றார்கள். இன்றைக்கே முடிவு செய்து பட்டியல் போகிறதாம். அவன் பெயரைத் தாண்டி அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

அந்தப் பெயருக்கு எழுந்து போனவன் கையில் ஒரு பழைய மஞ்சள் பை. அதிலிருந்து சான்றிதழ்களை எடுத்து மேசைமேல் வைத்தான். கையிலேயே வைத்திருந்தான்.

"அடுத்த வருசம் எழுதிக்கறனுங்ம்மா" என்றான் செந்தில், வெளியே வந்து. வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், எங்கள் இருவருக்கும் தெரியும் என்பது அவன் அப்பாவுக்கும் தெரியும். நான் தலையாட்டினேன்.

சாயங்காலம் விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் முன்னால், "அடையாளம் சொல்லுங்கள்" என்றார்கள். பச்சைக் கரை, மூன்று முடிச்சு என்றேன். உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. துண்டுகூடக் கசங்கவில்லை. ரசீது தந்தவர்கள் தங்கள் பொறுப்பை ஒழுங்காகத்தான் நிறைவேற்றியிருந்தார்கள்.

திரும்பும்போது ரயில். பங்காளி மகன் குடும்பத்தில் யாருக்கும் பல் சரியில்லையாம். முறுக்கு டின்னை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தில்லியிலிருந்து ஊர் வரை அதைத்தான் தின்றுகொண்டு வந்தோம். ஒன்றுகூட உடையவில்லை. விமானத்தில் அத்தனை சண்டை போட்டு இடம் வாங்கிக் கொடுத்திருந்தேன் அல்லவா, நன்றாகப் பயணம் செய்திருந்தது. எதிர் இருக்கை அம்மாள் ஒன்றைக் கடித்துவிட்டு, "கைப்பக்குவம் அருமை" என்றாள். செந்தில்தான் முதலில் சிரித்தான். அவன் அப்பா சிரித்தார். எனக்குத் தொண்டையில் முறுக்கு அடைத்துக்கொண்டது. எல்லாரும் முதுகில் தட்டினார்கள்.

இப்போது செந்தில் நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறான். நன்றாகத்தான் இருக்கிறான், அப்படித்தான் எல்லாரும் சொல்கிறார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது நகக்கண்ணில் பெயிண்ட் இருக்கும். சில நாள் பழைய இயற்பியல் புத்தகத்தை எடுத்துப் புரட்டுவான். நான் அந்தப் பக்கம் போனால் மூடிவைத்துவிட்டு, சாப்பாடு ஆயிற்றா என்று கேட்பான். ஒரு தடவைகூட அவன் என்னைக் குற்றம் சொன்னதில்லை. கேலிதான். வீட்டிலிருந்து யார் எங்கே கிளம்பினாலும், சந்தைக்குப் பை எடுத்தாலும்கூட, "பொட்டியக் காட்டீட்டீங்களா?" என்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. நாத்தனார் குடும்பம், சம்பந்தி குடும்பம், பால்காரர் வரை பரவிவிட்டது. நானும் சிரிக்கிறேன். சிரிக்காவிட்டால் எல்லாரும் நிறுத்திவிடுவார்கள். பிறகு அந்த வீட்டில் எப்படி இருப்பது?

போன தை மாதம் அவனுக்குக் கல்யாணம். பெண் வீடு திருச்செங்கோட்டுப் பக்கம். எங்கள் சனத்துக்காக ஒரு பேருந்து பிடித்திருந்தோம். வண்டி வந்து நின்றதுதான் தாமதம், பட்டுச் சேலைகள் எல்லாம் படியில் முட்டி மோதின. சாமான்கள் கீழே வரிசையாக இருந்தன, சீர்த்தட்டுக் கூடைகள், சூட்கேஸ்கள், தகரப் பெட்டி. நான் அவற்றின் அருகே நின்றுகொண்டிருந்தேன். இப்போதெல்லாம் நான் முந்துவதில்லை.

மாப்பிள்ளைக்குக் கார் தனியாகக் காத்திருந்தது. ஆனால் அவன் பட்டு வேட்டியும் மாலையுமாக அதைத் தாண்டி நேராக இங்கே வந்தான். வரிசையின் கடைசியில், பழுப்புப் பெட்டிக்குப் பக்கத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்றான்.

"அம்மா, என்னையும் காட்டிட்டு ஏறுங்க. இல்லீன்னா உட்டுட்டுப் போயிருவாங்க."

பேருந்தின் சன்னல் ஒவ்வொன்றிலிருந்தும் தலைகள் வெளியே வந்து சிரித்தன. "காட்டுங்க டீச்சரம்மா, காட்டுங்க!" என்று கத்தினார்கள். என் வீட்டுக்காரர் கார் கதவைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டுக்கொண்டே போனேன். இது எங்களுது. இது எங்களுது. கடைசியில் அவன் நெஞ்சில், மாலைக்கு நடுவே, விரலை வைத்தேன். சொல்ல வேண்டிய இரண்டு சொல் வெளியே வரவில்லை. அவன் என் விரலைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டுக் காருக்குப் போனான்.

நான் ஏறியபோது பேருந்து நிறைந்திருந்தது. பின்னாலிருந்து என் தம்பி மனைவி கையை ஆட்டினாள். "அண்ணி, இங்க வாங்க! உங்களுக்கு எடம் போட்டு வெச்சிருக்கறன். பாருங்க, மேல டின்னு இருக்குது!"

நிமிர்ந்து பார்த்தேன். அதே டின். மணப்பெண் வீட்டுக்குப் பலகாரம் நிரப்பி நானே கொடுத்தனுப்பியதுதான்.

"இருக்கட்டும் கண்ணு" என்றேன். "நான் நிக்கறேன்."

திருச்செங்கோடு வரை கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே போனேன். எல்லாரும் ஒன்றாகத்தான் போய்ச் சேர்ந்தோம்.